சவ்சனுக்கு ஒரு மெழுகுவத்தி

டங். டங். டங்.

பித்தளைக் கையுரலில் உலக்கை விழுகிற சத்தம். என் மகளுக்காக அது விழுந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏலக்காய் போட்டு இடித்தால் அந்த உரலுக்கு ஒரு குரல். வெறும் உரலை, பிறந்து ஏழு நாளான குழந்தையின் காதருகே இடித்தால் வேறு குரல். இடித்தவள் மருத்துவச்சி உம் கரீப். இடிக்கு ஒன்றாக அவள் சொன்னதும் நினைவிருக்கிறது.

“அம்மா சொல்றதைக் கேளு.” டங். “பாட்டி சொல்றதைக் கேளு.” டங். “அப்பா சொல்றதைக் கேக்காதே.” டங், டங்.

நைல் கரையிலிருக்கும் எங்கள் மன்சூராவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் பாடம் இதுதான். கூடியிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். தகப்பனும் சேர்ந்து சிரிக்க வேண்டும், அதுதான் மரியாதை. நானும் சிரித்தேன். ஆனால் நான் சிரித்த காரணம் வேறு. அன்று என் சட்டைப் பையில், கைக்குட்டைக்குள், ஒரு சதியோடு வந்து உட்கார்ந்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நகர சுகாதார அலுவலகத்தில் பிறப்பு இறப்பு எழுதுகிற வேலை எனக்கு. மேசையில் இரண்டு தடித்த புத்தகங்கள். பச்சை அட்டை பிறப்புக்கு, கறுப்பு அட்டை இறப்புக்கு. நாள் முழுவதும் பெயர் எழுதுகிறவனுக்குப் பெயர்களைப் பற்றி ஒரு திமிர் வந்துவிடும். எந்தப் பெயர் வளர்கிறது, எது தேய்கிறது என்று என்னிடம் கேட்டால் போதும்.

என் மனைவி இன்ஸாஃப் முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது, ஏழாம் மாதத்தில், என் மாமியார் ஒரு கூடை முட்டையோடு வந்தார். முட்டையைக் கீழே வைப்பதற்கு முன்பே அறிவித்தார்.

“பொண்ணு பொறந்தா என் பேரு. பையன் பொறந்தா உங்க இஷ்டம், வக்தி எஃபெந்தி.” எஃபெந்தி என்பது, எழுத்து வேலை பார்க்கிறவனுக்கு எங்கள் ஊர் தரும் மரியாதை.

“பையனுக்கு மட்டும் எனக்கு விட்டுக் குடுக்கறீங்களே அத்தை, ரொம்பப் பெரிய மனசு.”

“எங்க வம்சத்துல பையன் பொறக்கறதே இல்லை.”

மாமியார் பெயர் தஃபீதா. மரியாதையான பெயர்தான். ஆனால் பச்சைப் புத்தகத்தில் நான் அதை எழுதியதே இல்லை. கறுப்புப் புத்தகத்தில் மாதம் இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதையும் பொறுத்திருப்பேன். பிரச்சினை வேறு. எங்கள் ஊரில் முதல் குழந்தை பிறந்தவுடன் தகப்பனின் பெயர் போய்விடும். குழந்தையின் தகப்பன் என்பதே அவன் பெயராகிவிடும். காப்பிக் கடையில், அலுவலகத்தில், மசூதி வாசலில், சாகிற வரைக்கும் நான் அபூ தஃபீதா. அதாவது தஃபீதாவின் அப்பா. ஒரு மருமகன் மாமியாரைச் சுமக்கலாம். பெற்றெடுக்கக் கூடாது.

ஒரு காலை இன்ஸாஃபிடம் கேட்டேன்.

“உனக்கு உங்கம்மா பேரு பிடிச்சிருக்கா?”

“அம்மா பேரு. பிடிக்காம என்ன.”

“மனசைத் தொட்டுச் சொல்லு.”

“உள்ள ஒருத்தி உதைச்சுக்கிட்டே இருக்கா. மனசு எங்க இருக்குன்னு தேடித் தொடறதுக்கு நேரமில்லை. சாப்பாட்டை மறந்துட்டுப் போறீங்க பாருங்க.”

நீட்டினாள். ரொட்டிக்குள் மொச்சை மசியல், நான்கு பயற்று வடை. இன்ஸாஃப் எப்போதும் பெண்கள் வாரப்பத்திரிகையின் பழைய தாளில்தான் சாப்பாட்டைச் சுற்றித் தருவாள். எழுத்துள்ள எதையும் படிக்காமல் எறிய மாட்டேன் என்பது என் பெருமை. அன்று மதியம் எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஒரு கட்டுரை. ஒரு பெண் பெயரைப் பற்றியது.

நைலில் மிதக்கிற அல்லிப் பூவுக்கு, கோயில் கட்டிய பழைய மக்கள் செஷென் என்று பேர் வைத்தார்களாம். கல்லில் செதுக்கி நாலாயிரம் வருஷம். அதை யூதர்கள் தங்கள் பெண்களுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து கிரேக்கர்கள். அவர்களிடமிருந்து பிராங்குகள், அதாவது ஐரோப்பாக்காரர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு துளி ஒலி மாறி, உலகத்தைச் சுற்றிய அந்தப் பூ அரபியில் சவ்சன் என்று நம்மிடமும் இருக்கிறது.

சவ்சன். நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முதல் பாதியில் தண்ணீர் விலகும். இரண்டாம் பாதியில் மூடிக்கொள்ளும்.

பச்சைப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த வருஷம் அதுவரை இரண்டே சவ்சன். அபூ சவ்சன். காப்பிக் கடையில் யாரோ கூப்பிடுவது போலவே கேட்டது. தாளைக் கசக்கி எறிந்தேன். மறுநாள் காலைக்குள் அந்தப் பெயரை நானே யோசித்ததாக ஆகிவிட்டது.

“இன்ஸாஃப், நான் ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கேன்.”

“நீங்களா?”

“சவ்சன்.”

தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “புதுசா இருக்கே. என்ன அர்த்தம்?”

கோயில் சுவரில் தொடங்கி பிராங்குகள் வரை ஒன்று விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் நான் கிரேக்கர்களை மறந்துவிட்டேன். “யூதர்களுக்கு அப்புறம் நேரா பிராங்குகளா?” என்றாள். என்ன கூர்மையான பெண் என்று பெருமைப்பட்டுக்கொண்டு கிரேக்கர்களைச் சேர்த்தேன்.

“எவ்வளவு படிச்சிருக்கீங்க,” என்றாள். “ஆனா அம்மா ஒத்துக்க மாட்டாங்க.”

“நீ யார் பக்கம்?”

“நான் அம்மா பக்கம்தான். வேற எங்க போவேன்? நீங்க ஆம்பளை, ஒரே பிடியா அடம் பிடிச்சா நான் என்ன பண்ண முடியும்.”

அந்த நிமிஷம் தீர்மானித்தேன். உலகம் புரண்டாலும் ஒரே பிடி.

பெண் பிறந்தது. மாமியார் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “தஃபீதா” என்றார். “சவ்சன்” என்றேன். மூன்று நாள் இந்த இரண்டு சொல்லைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தேன், எடுக்காமலே இருந்திருக்கலாம். கடைசியில் மாமியார், “ஏழாம் நாள் மெழுகுவத்தி ஏத்துவோம். அல்லா தீர்மானிக்கட்டும்,” என்றார்.

எங்கள் வழக்கம் அது. ஆளுக்கொரு பெயர் சொல்லி, பெயருக்கொரு மெழுகுவத்தி. எது கடைசி வரைக்கும் எரிகிறதோ அதுதான் குழந்தையின் பெயர்.

அல்லாவுக்கு ஒரு சிறு உதவி செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. உப்புத் தண்ணீரில் ஊறிய மெழுகுவத்தி நின்று எரியும் என்று அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கிற லபீப் எப்போதோ சொல்லியிருந்தான். இன்ஸாஃபிடம் உப்பு கேட்டால் எதற்கு என்பாள். சமையலறை மேசைக்கடியில் டர்னிப் ஊறுகாய் ஜாடி இருந்தது. உப்புக்கு உப்பு, தண்ணீருக்குத் தண்ணீர். நான்காம் நாள் ஒரு மெழுகுவத்தியை அதற்குள் மூழ்கடித்தேன். கட்டிலில் படுத்திருந்த இன்ஸாஃப் குரல் கொடுத்தாள்.

“சமையலறையில என்ன தேடறீங்க?”

“டம்ளர்.”

“கையில இருக்கே.”

“இன்னொரு டம்ளர்.”

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காத மனைவி எவ்வளவு ஆபத்தானவள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆறாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, மறுநாள் உடுத்த வேண்டிய வெள்ளை அங்கியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீளம் ஒரு சாண் கூடுதலா இருக்கே,” என்றேன்.

“மடிச்சுத் தைக்க நேரம் கிடைக்கலை. நாளைக்கு மெழுகுவத்தித் தட்டை எங்க வைக்கப் போறீங்க?”

“ஜன்னல் மேடையில.”

“காத்து அணைச்சுடும். குழந்தையைக் கிடத்தப் போற சல்லடைக்கு இடது பக்கம், தரையில வைங்க. அங்கதான் பத்திரம்.”

நியாயமாகப் பட்டது. இன்ஸாஃப் என்றால் நியாயம் என்றுதான் அர்த்தம்.

ஏழாம் நாள், பிற்பகல் தொழுகை முடிந்து பெண்கள் வந்து நிறைந்தார்கள். புதுச் சல்லடையில் பட்டுத்துணி விரித்து, அதில் குழந்தை. உம் கரீப் சம்மணமிட்டு உட்கார்ந்து உரலைத் துணியால் துடைத்துக்கொண்டாள். சல்லடைக்கு இடது பக்கம் தட்டை வைத்தேன். மூன்று மெழுகுவத்திகள் நிறுத்தினேன். இரண்டு கடையில் வாங்கியவை. ஒன்று கைக்குட்டையிலிருந்து வந்தது.

“நவால்னு எனக்கு ஒரு ஆசை,” என்று இன்ஸாஃப் இருப்பதிலேயே குட்டையானதை எடுத்துக்கொண்டாள்.

நான் ஊறுகாய் மெழுகுவத்தியைத் தொட்டேன். “இது சவ்சன்.”

“கொஞ்சம் இருங்க, வக்தி எஃபெந்தி.”

மாமியார் குனிந்தார். இரண்டையும் மாறி மாறி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். என்னுடையதில் நின்றார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“இதுல டர்னிப் ஊறுகாய் வாசனை வருது.”

செத்தேன் என்று நினைத்தேன். மாமியார் முகம் மலர்ந்தது.

“நல்ல சகுனம். எனக்குப் பிடிச்ச வாசனை. இதுதான் தஃபீதா.”

“அத்தை, அது பழைய மெழுகுவத்தி.”

“நானும் பழைய ஆளுதானே.”

ஏற்றினார்கள். நவால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. இன்ஸாஃப் அதற்கு அளவாக ஒரு பெருமூச்சு விட்டாள். சவ்சன் தொடக்கத்திலிருந்தே அழுதது. மெழுகு வழிந்து வழிந்து பாதி உடம்பாகிவிட்டது. தஃபீதா மட்டும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், நிமிர்ந்து, அவ்வப்போது பொரிந்து, யாரையோ திட்டிக்கொண்டு எரிந்தது. உப்பு தன் கடமையைச் செய்தது. என் வீட்டு உப்பு.

தும்மிப் பார்த்தேன். சுடர் அசையக்கூட இல்லை.

“சளியா? குழந்தைக்கு ஒட்டிக்கும், தள்ளி உட்காருங்க,” என்றார் மாமியார். என்னைக் கதவருகே அனுப்பிவிட்டார்கள். என் மகளின் பெயர் என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. நான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் உரல் ஒலித்தது. தாய், சல்லடையில் கிடக்கும் குழந்தையை ஏழு முறை தாண்ட வேண்டும். முன்பே சொன்னேனே, அம்மா சொல்வதைக் கேள், அப்பா சொல்வதைக் கேட்காதே. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தது அப்போதுதான். கதவருகிலிருந்து சிரித்தேன். சதி பையிலிருந்து தட்டுக்குப் போய், தட்டிலிருந்து மாமியாருக்குப் போய்விட்ட பிறகு வருகிற சிரிப்பு அது. அழுகைக்குப் பக்கத்து வீடு.

ஒன்று, இரண்டு என்று இன்ஸாஃப் தாண்டினாள். பிரசவித்த உடம்பு, மெதுவாகத்தான் கால் வைத்தாள். ஆறாவது முறையும் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது முறை இடது காலை எடுத்து வைத்தபோது அங்கியின் விளிம்பு, அந்த ஒரு சாண் நீளம், தட்டின் மேல் அலை போலப் போய் வந்தது.

புஸ். நெட்டையாக நின்ற தஃபீதா அணைந்தது, பாதியாகிப்போன சவ்சனுக்கு அங்கி எட்டவில்லை. டர்னிப் வாசனையோடு ஒரு கீற்றுப் புகை மேலே போனது.

“ஐயோ, அம்மா,” என்றாள் இன்ஸாஃப். மிக மென்மையாகச் சொன்னாள்.

“ஏத்து. திரும்ப ஏத்து,” என்றார் மாமியார்.

உம் கரீப் உலக்கையைக் கீழே வைக்கவில்லை. “அணைஞ்ச திரியைத் திரும்ப ஏத்தக் கூடாது, ஹாஜியம்மா. குழந்தைக்கு ஆகாது. நாப்பது வருஷமா இந்த ஊர்க் குழந்தைங்களை இந்தக் கையிலதான் வாங்கறேன்.”

அப்படி ஒரு விதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பித்தளை உலக்கை பிடித்திருப்பவளிடம் யாரும் விதி பேசுவதில்லை.

மாமியார் திரும்பினார். மகள் பக்கம் அல்ல. கதவு பக்கம்.

“தட்டை அங்க வெச்சது யாரு?”

நான் வாயைத் திறந்தேன். இன்ஸாஃப் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவருதாம்மா.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சவ்சன் தனியாக எரிந்து முடிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். மாமியார் என் முகத்தில் விழிக்காமல் உள்ளே போனார். எனக்கென்ன, ஜெயித்தாயிற்று. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே நாள். அது ஏறக்குறைய பதினாறு மணி நேரம் நீடித்தது.

மறுநாள் காலை அலுவலகம் போனேன். பேனாவில் புது மை ஊற்றினேன். அழகாக எழுத வேண்டும் என்று ஒரு பழைய தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்துக்கொண்டேன். பச்சைப் புத்தகத்தைத் திறந்தேன். என் மகள் ஏற்கெனவே அதற்குள் இருந்தாள். லபீபின் கோணல் கையெழுத்தில். பெயர் சவ்சன். தந்தை வக்தி. தகவல் தந்தவர் மருத்துவச்சி உம் கரீப். பதிவான நாள், பிறந்த மூன்றாம் நாள்.

“லபீப், இது என்ன?”

“உன் பொண்ணு. உம் கரீப் வந்து எழுதிட்டுப் போனா. வீட்டுல பேரு முடிவாயிடுச்சுன்னு உன் வீட்டம்மா சொல்லி அனுப்பினாங்களாம். ஏன், உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றேன். கணவன்மார் சொல்லும் பொய்களில் இதுதான் வயதில் மூத்தது.

மூன்றாம் நாள். அப்போது என் மெழுகுவத்தி ஜாடிக்குள் இறங்கியிருக்கவே இல்லை.

பதினோரு மணிக்கு ஒரு ரயில்வே டிக்கெட் பரிசோதகர் வந்தார். பெண் குழந்தை.

“பேரு?”

“சவ்சன்.” மேசை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “நானே யோசிச்சது. சாதாரணப் பேரு இல்லை. நைல்ல மிதக்குமே அல்லி, கோயில் சுவர்லகூட...”

“யூதர்கள் எடுத்துக்கிட்டுப் போனாங்க.”

“ஆமா.”

“அப்புறம் கிரேக்கர்கள்.”

“அப்புறம் பிராங்குகள். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க மதியச் சாப்பாட்டை வீட்டுல எதுல சுத்தித் தராங்க?”

யோசித்தார். முகம் மெல்ல மாறியது. “பத்திரிகைத் தாள்ல,” என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுதினேன். அந்த வருஷம் முடிவதற்குள் என் கையால் நாற்பத்தேழு சவ்சன் எழுதினேன். நாற்பத்தேழும் தகப்பன்கள் தாங்களே யோசித்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“இன்ஸாஃப், அந்தத் தாளை எனக்குன்னுதானே சுத்தின?”

“எந்தத் தாளு?”

“கிரேக்கர்கள் இருந்த தாளு.”

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். “அக்கம்பக்கத்துல அதே இதழைக் கேட்டு வாங்கி ஏழு தடவை சுத்தினேன். ஏழாவது தடவைதான் படிச்சீங்க. நடுவுல ரெண்டு நாள் சாப்பாட்டைத் தாளோட லபீபுக்குக் குடுத்துட்டீங்க.”

“நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா யோசிப்போம்னு சொல்லியிருப்பீங்க. நான் போய் எங்கம்மாகிட்ட உங்க பேரு வேண்டாம்னு சொன்னா, அவங்க உயிரு போயிடும். நீங்க சொன்னா திட்டுவாங்க. அவ்வளவுதானே?”

“திட்டு எனக்குத்தானே?”

“உங்களுக்குப் பழக்கம்தானே.” அப்புறம், போகிற போக்கில் சொல்வது போல, “அம்மாவுக்கு மனசு உடைஞ்சுபோச்சு. கோபம் தணியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்,” என்றாள்.

இருந்தார். இருபத்திரண்டு வருஷம்.

முதல் நான்கு வருஷம் என்னிடம் நேராகப் பேசவில்லை. “அந்த எஃபெந்திகிட்டச் சொல்லு, காலை நகர்த்தச் சொல்லி” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். வெள்ளிக்கிழமை தோறும் டர்னிப் ஊறுகாய் போடுவார். என் தட்டில் வைப்பார். நான் சாப்பிடுவேன். ஐந்தாம் வருஷம் எனக்கு நிமோனியா வந்தபோது மூன்று நாள் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கண் விழித்ததும், “தட்டை ஏன் அங்க வெச்சீங்க?” என்றார். நான் அப்போதும் சொல்லவில்லை.

நான் அபூ சவ்சன் ஆனேன். காப்பிக் கடையில் யாராவது அபூ சவ்சன் என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பினோம். அதில் ஒருவர் டிக்கெட் பரிசோதகர். மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் நான்கு சவ்சன்களாம், இவள் மூன்றாவது. “உலகத்துல வேற பேரே கிடைக்கலையாப்பா உங்களுக்கு?” என்றாள். நான் இன்ஸாஃபைப் பார்த்தேன். இன்ஸாஃப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பெயர்களுக்கும் பூப்போலப் பருவம் உண்டு. நான் ஓய்வு பெற்ற வருஷம் பச்சைப் புத்தகத்தில் ஒரு சவ்சன்கூட இல்லை. தாளைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.

மாமியார் எண்பத்தொரு வயதில் போனார். கறுப்புப் புத்தகத்தில் அந்தப் பெயரை நான்தான் எழுதினேன். பல வருஷமாக எழுதி எழுதிப் பழகிய பெயர். அன்றைக்கு மட்டும் பேனா நின்றுபோனது.

ஐந்து வருஷம் கழித்து சவ்சனுக்குப் பெண் பிறந்தது. ஏழாம் நாள். உம் கரீப் போய்விட்டிருந்தாள். உரலும் உலக்கையும் இன்ஸாஃப் கையில். தட்டில் மூன்று மெழுகுவத்திகள்.

“என்னென்ன பேரும்மா?” என்று மகளைக் கேட்டேன்.

“நடுவுல இருக்கறது தஃபீதா.”

“இந்தப் பக்கம்?”

“அதுவும் தஃபீதாதான்.”

“அந்தப் பக்கம்?”

“நீங்க படிச்சவராச்சேப்பா.”

டங். “அம்மா சொல்றதைக் கேளு.” டங். “அப்பா சொல்றதைக் கேக்காதே.” டங். “தாத்தா சொல்றதையும் கேக்காதே.”

இடித்து முடித்து இன்ஸாஃப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. மெல்லச் சொன்னாள்.

“அன்னிக்கு அணைச்சது நான். திரும்ப ஏத்த வேண்டாமா?”

“அணைஞ்ச திரியை ஏத்தக் கூடாதுன்னு உம் கரீப் சொன்னாளே.”

“நான்தான் சொல்லச் சொன்னேன்.”

இன்ஸாஃப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உரல் அலமாரியில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. எப்போதாவது கனமான லாரி தெருவில் போனால், உலக்கை தானாக ஒரு முறை மோதி, மிக மெல்லிதாக ஒலிக்கும்.

தஃபீதா பல் மருத்துவரானாள். ரயில் நிலையத்துக்கு எதிரே கடைத்தெருவில் அவள் மருத்துவமனை. எனக்கு மிச்சமிருந்த கடைசிப் பல்லைப் போன மாதம் அவள்தான் பிடுங்கினாள்.